“கியர் எண்ணெயைத் தொடாதே!” என்னும் பொய்மொழி



பயன்படுத்திய மகிழுந்து, அதாவது நாம் பேச்சில் ‘பழைய காடி’ என்று சொல்வதை, நம்மில் யாரேனும் வாங்கிவிட்டால் போதும். ஆசிரியர் அறையிலும், பள்ளி வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோர் நடுவிலும் மூன்று வாசகங்கள் தவறாமல் காதில் விழும்.

ஒன்று: “ஆட்டோ கியர் எண்ணெய் வாழ்நாள் முழுவதும் வரும். மாற்ற வேண்டியதே இல்லை.”

இரண்டு: “பழைய காடியில் கியர் எண்ணெயை மாற்றினால் கியர் போய்விடும். தொடாதே.”

மூன்று: “அப்படியே மாற்றுவதென்றாலும் அதற்குப் பட்டறை இருக்கிறது. படித்தவன் செய்கிற வேலையா இது?”

முதல் வாசகம் அரை உண்மை. இரண்டாவது, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போட்ட குழப்பம். மூன்றாவதோ நம் சமுதாயத்தில் புரையோடிப்போன ஒரு நோய். இம்மூன்றையும் மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குக் கியர் எண்ணெயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், பல பள்ளிகள் ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறிடத்திலுமாக ஆனதை நாம் அறிவோம். தொலைவிலிருந்து வரும் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது, பல கைகள் மாறி வந்த ஒரு பழைய காடிதான். அந்தக் காடியின் கியர் பெட்டி செயலிழந்தால், பழுதுபார்ப்புச் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி. சில குடும்பங்களுக்கு அது காடியின் விலையில் பெரும்பகுதி. காடி நிற்கும், தகப்பனார் வேலைக்குப் போக வழியில்லாமல் நிற்பார், பிள்ளையின் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்னும் குறி விழும். தவறான ஒரு வாசகத்திற்குக் கொடுக்கும் விலை இது. ஆகவே இது நம் வேலைதான்.

அந்த எண்ணெய் என்ன செய்கிறது?

எஞ்சின் எண்ணெயை, நம்மவர் சொல்லும் ‘மிஞ்ஞா ஹித்தாம்’ என்னும் கறுப்பெண்ணெயை, தவறாமல் மாற்றுகிறோம். அதைவிடக் கடினமான பணியைச் செய்யும் கியர் எண்ணெயை மறந்துவிடுகிறோம். காரணம், அதன் பணி நமக்குத் தெரியாது.

தானியங்கிக் கியர் பெட்டியில் எண்ணெய்க்கு நான்கு வேலைகள். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழன்று, எஞ்சினின் ஆற்றலைக் கியர் பெட்டிக்குக் கடத்துகிறது. இது முதல் வேலை. பெட்டிக்குள் இருக்கும் பம்பு கொடுக்கும் அழுத்தத்தைச் சுமந்து சென்று, கிளட்ச் தட்டுகளை இறுக்கியும் விடுவித்தும் கியரை மாற்றுகிறது. இது இரண்டாவது. பற்சக்கரங்களும் தாங்குருளைகளும் தேயாமல் காக்கிறது. இது மூன்றாவது. அங்கே எழும் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்கு எடுத்துச் செல்கிறது. இது நான்காவது.

இவற்றுள் இரண்டாவது பணி நுட்பமானது. கிளட்ச் தட்டுகள் வழுக்கவும் கூடாது. வெடுக்கென்று பற்றிக் காடியைக் குலுக்கவும் கூடாது. அந்த இடைநிலை உராய்வைத் தருவதற்கென்றே எண்ணெயில் சில வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939 இல் ‘ஹைட்ராமேட்டிக்’ என்னும் தானியங்கிக் கியரை அறிமுகம் செய்தபின், இந்த எண்ணெய்க்கெனத் தனித் தரங்கள் தோன்றின. ஒரு காலத்தில் அந்த உராய்வுப் பண்புக்காகத் திமிங்கில எண்ணெயைக்கூடக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபின் வேதியியலார் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. வெறும் வழுவழுப்புக்காக ஊற்றும் எண்ணெய் இது அன்று என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்?

எந்த எண்ணெயும் வெப்பத்தில் சிதைகிறது. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை செல்சியசு உயரும்போதும் வேதிச் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணெயில் சேர்த்த வேதிப்பொருள்களும் நாளடைவில் தீர்ந்து போகின்றன. கிளட்ச் தட்டுகளில் தேய்ந்த துகளும் இரும்புத் துகளும் அதில் கலக்கின்றன. இவ்வளவும் நடக்கும் ஒரு நீர்மம் எப்படி வாழ்நாள் முழுவதும் வரும்?

‘வாழ்நாள்’ என்று விளம்பரம் செய்பவர் யார் என்று பாருங்கள். புதுக் காடியை விற்பவர். பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டுவது அவருக்கு விற்பனை உத்தி. முதல் உரிமையாளரிடம் காடி இருக்கும் ஐந்து, ஏழு ஆண்டுகள் அந்த எண்ணெய் தாங்கிவிடும். அதற்குப் பிறகு அதை வாங்குபவர் யார்? நாம்! அவர்கள் சொல்லும் வாழ்நாள் முடிந்த இடத்தில்தான் நம் வாழ்நாள் தொடங்குகிறது.

இதற்கு வலுவான சான்று ஒன்றுண்டு. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் பல ஐரோப்பிய மகிழுந்துகளுக்குத் தானியங்கிக் கியர் பெட்டி செய்து கொடுக்கிறது. அக்காடிகளை விற்பவர்களுள் சிலர் எண்ணெய் வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்கின்றனர். பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ ஏறத்தாழ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், எண்ணெயை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. செய்தவன் சொல்வதை நம்புவதா, விற்பவன் சொல்வதை நம்புவதா?

நம் நாட்டுச் சூழலையும் எண்ணிப் பாருங்கள். பல கையேடுகளில் ‘கடினப் பயன்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கும். நின்று நின்று நகரும் நெரிசல், குறுந்தொலைவுப் பயணம், மலையேற்றம், வெப்பம் ஆகியவை அங்கே பட்டியலிடப்பட்டு, அவற்றுக்குக் குறுகிய கால இடைவெளி கொடுக்கப்பட்டிருக்கும். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து, மாலையில் பள்ளி வாயிலில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்து, விடுமுறையில் கேமரன் மலைக்கு ஏறும் நம் காடிகள் கடினப் பயன்பாடு அன்றி வேறென்ன? நாம் படிக்க வேண்டியது அந்தப் பட்டியலை. ஆனால் கையேட்டைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

மாற்றியதால் போயிற்றா? போகவிருந்ததால் மாற்றினார்களா?

இனி இரண்டாம் வாசகம். “என் மைத்துனர் மாற்றினார், ஒரே மாதத்தில் கியர் போயிற்று” என்று சான்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. நடந்தது உண்மைதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

ஒருவர் எப்போது கியர் எண்ணெயை நினைக்கிறார்? கியர் உதைக்கும்போது, ‘டி’யில் போட்டும் காடி இரண்டு நொடி கழித்து நகரும்போது, மேட்டில் எஞ்சின் இரைந்தும் வேகம் எடுக்காதபோது. அதாவது, கிளட்ச் தட்டுகள் தேய்ந்து தீர்ந்தபின். அப்போது புது எண்ணெய் ஊற்றினால் தேய்ந்த தட்டு மீண்டும் வளருமா? மரணப் படுக்கையில் இருப்பவருக்கு மருந்து கொடுத்தார்கள், அவர் இறந்துபோனார், ஆகவே மருந்துதான் கொன்றது என்று சொல்வது போன்றதே இந்த வாதம். பத்தாண்டுகள் மாற்றாமல் விட்டதை யாரும் குற்றஞ்சாட்டுவதில்லை. கடைசியில் தொட்டவர்மீது பழி விழுகிறது. பட்டறைக்காரர் பலர் பழைய காடியின் கியர் எண்ணெயைத் தொட மறுப்பதன் முதன்மைக் காரணம் இதுவே. அவரது அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை அறிவியல் விதியாக நாம் மாற்றிக்கொண்டதுதான் நியாயமற்றது.

மறுதரப்பின் வாதத்தில் உண்மை இருக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். மிகவும் தேய்ந்துபோன பெட்டியில், எண்ணெயில் மிதக்கும் தட்டுத் துகளே சிறிது பிடிமானம் கொடுக்கக்கூடும் என்று அனுபவமுள்ள சிலர் கூறுவர். இயந்திரம் கொண்டு அழுத்தத்துடன் கழுவித் தள்ளினால், அடியில் படிந்த கசடு கிளம்பி நுண்ணிய வால்வுகளை அடைக்கலாம் என்பதும் அவர்களின் எச்சரிக்கை. ஆகவே, ஏற்கெனவே வழுக்கும் கியருக்குப் புது எண்ணெய் மருந்தாகாது. அதனைத் தேர்ந்த வல்லுநரிடம் காட்ட வேண்டும். ஆனால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய காடிக்கு இந்த எச்சரிக்கையைக் காட்டி எண்ணெயை மாற்றாமல் விடுவது, நலமாக இருப்பவனை நோயாளியாகும்வரை காத்திருக்கச் சொல்வதாகும்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

எண்ணெய் மாற்றியபின் பெட்டி கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு: தவறான எண்ணெய், தவறான அளவு. இவ்விரண்டும் அறியாமையின் பிள்ளைகள்.

முதலில் எண்ணெய் வகை. டொயோட்டா ஒரு காலத்தில் டி-ஐவி என்னும் தரத்தைக் கேட்டது, பிறகு டபிள்யூ.எஸ். என்றது. ஹோண்டா இசட்-1 என்றது, பின்னர் டி.டபிள்யூ.-1 என்றது. மிட்சுபிஷிக்கு எஸ்.பி.-3. ஜெனரல் மோட்டார்ஸ் ‘டெக்ஸ்ரான் 3’ தரத்திற்கு உரிமம் வழங்குவதை 2006 ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திக்கொண்டு ‘டெக்ஸ்ரான் 6’க்கு மாறிவிட்டது. ‘எல்லாக் காடிக்கும் ஒரே எண்ணெய்’ என்று பீப்பாயிலிருந்து பிடித்து ஊற்றும் பட்டறைகள் உண்டு. எந்தத் தரம் என்று கேட்கும் வாடிக்கையாளர்தாம் இல்லை.

காடியின் பெயரை மட்டும் சொல்லி எண்ணெய் வாங்குவது இன்னும் பெரிய ஆபத்து. புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 இல் வந்த சாகாவின் தானியங்கி வகை சி.வி.டி. பெட்டி கொண்டது. 2019 இல் மெருகேற்றி வந்த சாகாவிலோ ஹுண்டாயின் நான்கு வேகத் தானியங்கிப் பெட்டி. பெரொடுவா மைவியில் இதன் மறுதலை. 2017 இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் நான்கு வேகப் பெட்டி. 2021 இறுதியில் மெருகேற்றியபோது சி.வி.டி. ஆயிற்று. பெயர் ஒன்று, பெட்டி வேறு, எண்ணெயும் வேறு. சி.வி.டி.யில் பற்சக்கரங்கள் ஒவ்வொன்றாக மாறுவதில்லை. இரண்டு கப்பிகளின் நடுவே ஓர் உலோகப் பட்டை இறுகப் பற்றி ஓடுகிறது. அதற்கு வேறுவகை உராய்வு வேண்டும். சாதாரணத் தானியங்கிக் கியர் எண்ணெயை அதில் ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பி கீறி, பெட்டியே பாழாகும். காடி எந்த ஆண்டில் வந்தது, எந்தப் பெட்டி, கையேட்டில் எழுதியிருக்கும் எண்ணெய்த் தரம் என்ன என்னும் மூன்றையும் உறுதி செய்யாமல் ஒரு சொட்டும் வாங்காதீர்.

அடுத்து அளவு. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கித் தீயும். கூடினால், சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கும் அழுத்தம் இல்லை, மீண்டும் வழுக்கலே. எண்ணெயோ சூட்டில் விரியும். 5 லிட்டர் எண்ணெய் 50 பாகை சூடேறினால் 150 முதல் 200 மில்லி லிட்டர்வரை கூடிவிடும். ஆகவேதான், எந்த வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்று கையேடு குறிப்பிடுகிறது. டொயோட்டாவின் பழைய காடிகளில் எண்ணெய் சூடேறியபின், எஞ்சின் ஓடும்போது, ‘பி’யில் வைத்து அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி வழிவந்த பெட்டிகளில் ‘என்’னில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவிலோ எஞ்சினை நிறுத்திய ஒன்று, ஒன்றரை நிமிடத்திற்குள் பார்க்க வேண்டும். ஒருவர் சொன்ன முறையை இன்னொருவர் காடியில் செய்தால் அளவு பிசகும். வாய்வழிச் செய்தி போதாது, படிக்க வேண்டும்.

வீட்டில் செய்வது எப்படி?

நான் வலியுறுத்துவது, அளவுக் கம்பியும் வடிக்கும் திருகாணியும் உள்ள, குறையின்றி ஓடுகிற பழைய நான்கு வேகக் காடியைப் பற்றியே. அளவுக் கம்பி இல்லாத புதுவகைப் பெட்டிகளில், குறிப்பிட்ட வெப்பநிலையில் திருகாணியைத் திறந்து வழியவிட்டு அளவைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு வெப்பநிலையைப் படிக்கும் கருவியும், நான்கு சக்கரங்களும் சமமாக உயர்ந்த நிலையும் வேண்டும். அவை இல்லாதவர் அதனைப் பட்டறைக்கே விட்டுவிடலாம். எதை வீட்டில் செய்யக் கூடாது என்று அறிவதும் அறிவே.

1. சமமான சிமெண்டுத் தரை வேண்டும். காடியை ஜேக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் ஒருபோதும் நுழையாதீர். உறுதியான தாங்கிகளை முட்டுக்கொடுத்து, சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, காடியை அசைத்துப் பார்த்த பிறகே குனிய வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

2. காடியைச் சிறிது தொலைவு ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். நெடும்பயணம் முடிந்த கையோடு திறந்தால் தோல் வெந்துவிடும்.

3. ஊற்றும் வழி திறக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வடித்து முடித்தபின் ஊற்றும் திருகாணி இறுகிக்கிடப்பது தெரிந்தால் காடி நகர வழியில்லை. வடிக்கும் திருகாணி கியர் பெட்டியுடையதுதானா, எஞ்சினுடையதா என்பதையும் கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

4. வடிந்த எண்ணெய் முழுவதையும் அளவுக் குறியிட்ட கலத்தில் பிடியுங்கள். தொடக்கத்தில் அளவுக் கம்பி சரியாகக் காட்டியிருந்தால், வடிந்த அளவே ஊற்ற வேண்டிய அளவு.

5. திருகாணியில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். மெல்லிய சாம்பல்நிறப் பசை இயல்பானது. கையில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் பெட்டிக்குள் ஏதோ உடைகிறது என்று பொருள். எண்ணெய் கருகிய வாடை வீசினாலும் வல்லுநரை நாடுங்கள்.

6. புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் இறுக்கத்தில் முடுக்குங்கள். பெட்டி அலுமினியம். வலிமையைக் காட்டினால் மரை அழிந்துவிடும்.

7. தூய்மையான புனலில் அளந்து ஊற்றி, எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி கியர்க் கோலை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி, பிறகு கையேட்டின் முறைப்படி அளவைப் பாருங்கள். கசிவு உண்டா என்றும் குனிந்து பாருங்கள்.

8. தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் தரம், வடிந்த அளவு, ஊற்றிய அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. ஒரு முறை வடித்தால் எல்லா எண்ணெயும் வெளியேறாது. டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடும். எடுத்துக்காட்டாக, மொத்தம் 5 லிட்டரில் 2 லிட்டர்தான் வடிகிறது என்று கொள்வோம். முதல் முறைக்குப்பின் மிஞ்சும் பழைய எண்ணெய் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 விழுக்காடு. சில நூறு கிலோமீட்டர் ஓடிக் கலந்தபின் மீண்டும் மாற்றினால் அந்த மூன்று பங்கிலும் ஐந்தில் மூன்று, 36 விழுக்காடு. மூன்றாம் முறைக்குப்பின் 21.6 விழுக்காடு. பெட்டியைத் திடுக்கிடச் செய்யாமல் சிறுகச் சிறுக மாறும் முறை இது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று மாணவர் கேட்டால், காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த இடம் வேண்டுமா?

வடித்த எண்ணெய் எங்கே போகிறது?

வீட்டில் செய்யும் உரிமை வேண்டுமென்றால் அதற்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையிலும் செடியடியிலும் கொட்டுபவரைக் கண்டிருக்கிறேன். 2005 ஆம் ஆண்டின் அட்டவணையிட்ட கழிவுகள் விதிமுறை, பயன்படுத்திய மசகெண்ணெயை எஸ்.டபிள்யூ. 305 என்றும் பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெயை எஸ்.டபிள்யூ. 306 என்றும் நச்சுத்தன்மைக்குரிய கழிவுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே கோங் ஆற்றில் தொழிற்கழிவு கலந்ததால், சிலாங்கூர் ஆற்று நீரை நம்பிய நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகளுக்குக் குடிநீர் நின்றதே, மறந்துவிட்டோமா? வாளியும் கையுமாக வரிசையில் நின்றவர்கள் நாம்தாமே?

மூடியுள்ள கலத்தில் எண்ணெயை அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையிடம் ஒப்படையுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ அதில் கலக்காதீர்கள். அவ்வாறு ஒப்படைக்க வழி செய்துகொள்ளாதவர் திருகாணியைத் திறக்கவே வேண்டாம்.

“படித்தவன் செய்கிற வேலையா இது?”

இப்போது மூன்றாம் வாசகம். என் சினம் முழுவதும் இதன்மீதுதான்.

“ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்பாய்!” இந்த மிரட்டலை நம் வகுப்பறைகளில் கேட்காதவர் யார்? சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வகுப்பின் மூன்றாம் வரிசையில் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் பிள்ளை அமர்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் பள்ளிச் சீருடையும் புத்தகப்பையும் அந்த எண்ணெய்க் கை உழைத்து வாங்கியவை. நாம் மிரட்டும் அந்த ஒரு நொடியில், தன் தகப்பனாரைப் பற்றி வெட்கப்பட அதற்குக் கற்றுக்கொடுக்கிறோம். எந்தப் பாடத்திட்டம் இதைக் கேட்டது?

மேலே சொன்ன வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று திரும்பிப் பாருங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் கையேட்டைப் பொருள் பிறழாமல் படிக்க வேண்டும். லிட்டர், பாகை, பின்னம், விழுக்காடு தெரிய வேண்டும். வெப்பத்தால் நீர்மம் விரிவதை அறிய வேண்டும். நிறத்தையும் மணத்தையும் உற்றுநோக்கி முடிவெடுக்க வேண்டும். வரிசை பிறழாமல் செய்து, செய்ததை எழுதி வைக்க வேண்டும். மொழி, கணிதம், அறிவியல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும் வேலை இது. இதைப் படிக்காதவன் வேலை என்பதா? இதைச் செம்மையாகச் செய்யப் படித்திருக்கத்தான் வேண்டும்!

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021 இல் ஒழிக்கப்பட்டது. ஆனால், புள்ளிகளைக் கொண்டே பிள்ளையை எடைபோடும் பழக்கம் நம் மனத்திலிருந்து ஒழியவில்லை. ஆரம்பப்பள்ளியில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என ஒரு பாடம் இருக்கிறது. அந்த நேரத்தைக் கணிதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. இசையும் ஆசிரியரும் உண்டு. கைத்திறனை இப்படி ஓரங்கட்டிவிட்டு, தொழிற்கல்லூரிகளில் நம் பிள்ளைகள் போதிய அளவில் சேர்வதில்லை என்று மேடையில் வருந்துவதில் என்ன பொருள் இருக்கிறது?

எல்லாரும் பட்டறை வேலைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டறை நண்பரைப் புறக்கணிக்கவும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு முறை இதனைச் செய்து பார்த்தவர்தான் அவரது உழைப்பின் அருமையை உணர்வார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பார். நேர்மையான பட்டறைக்கும் பீப்பாய்ப் பட்டறைக்கும் வேறுபாடு காண்பார். ஒன்றுமே அறியாத வாடிக்கையாளர்தாம் ஏமாற்றுபவருக்கு முதலீடு.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை காடியின் பராமரிப்பு நாள் வரும்போது பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். காடிக்கு அடியில் விடாதீர்கள். குறிப்பேட்டைக் கையில் கொடுங்கள். வடிந்த அளவைப் படித்துச் சொல்லட்டும். மிஞ்சிய பங்கைக் கணக்கிடட்டும். மகளுக்கும் இதே இடம் கொடுங்கள். காடி ஓட்டப்போகிறவள் அவளுந்தான்.

ஆசிரியர்களே, அந்த மிரட்டல் வாக்கியத்தை இன்றோடு விட்டுவிடுவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வாயிலாகப் பட்டறைத் தொழில் செய்யும் ஒரு தகப்பனாரைச் சனிக்கிழமை ஒன்றில் பள்ளிக்கு அழைப்போம். கெட்டுப்போன மின்விசிறியைச் சரிசெய்யவோ கூடாரம் கட்டவோ அன்று. சிறப்பு விருந்தினராக, மாலையிட்டு, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்த. புது எண்ணெயையும் பழைய எண்ணெயையும் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி அவர் காட்டட்டும். நிறம் ஏன் மாறியது என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவருடைய பிள்ளை அன்று முன்வரிசையில் நிமிர்ந்து உட்காரும்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்